கைப்பட்டி கட்டினால் கிளினிக் எதற்கு என்பவருக்கு

ஏழைப் பெண்ணின் மணிக்கட்டில் ஒரு மின்னணுக் கைப்பட்டியைக் கட்டிவிட்டால் ஊசியும் வேண்டாம், கிளினிக்கும் வேண்டாம், வீடு வீடாக ஏறி இறங்கும், 'மிஸ்' என்று ஊர் அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தரும் வேண்டாம் என்பதே கட்டுரை எழுதிய நண்பரொருவரின் வாதம். உடலைத் துளைக்காத பரிசோதனை ஏதோ நேற்றுத்தான் பிறந்தது என்ற நினைப்பு அவருக்கு. கையில் சுற்றும் பிரஷர் பட்டி யாரைத் துளைத்தது? கீழிமையை இழுத்து வெளிறல் பார்க்கும் மிஸ்ஸின் விரலும், மார்பில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் கையும் துளைக்கின்றனவா? இலங்கையில் 1996இல் தொடங்கிய வெல் வுமன் கிளினிக்குகளில் 35 வயது தாண்டிய பெண்களுக்கு குருதி அமுக்கமும் மார்பும் இலவசமாகவே பார்க்கிறார்கள். அங்கே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் உண்டு. அதை எந்தக் கைப்பட்டி செய்யும்?

சீனி வருத்தத்துக்கு இனி விரலில் குத்தவே தேவையில்லை என்று சத்தியம் செய்கிறார். தோலைத் துளைக்காமல் குருதிச் சீனியைத் தானாக அளக்கும் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்ததை அவர் படிக்கவில்லையா, படித்தும் மறைத்தாரா? விரல்நுனியில் ஒளி பாய்ச்சி ஒட்சிசன் அளக்கும் கருவி, கறுப்பின நோயாளிகளின் ஒட்சிசன் குறைவை வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தவறவிட்டது என்று 2020இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. வலிகாமத்துச் செம்மண்ணில் பகல் முழுக்க வெங்காயம் பிடுங்குகிறவளின் தோலில் அந்த ஒளி சரியாக அளக்கிறதா என்று யார் சோதித்தது? அவருடைய கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை.

பெண்கள் கிளினிக்குக்கு வராததற்கு அறியாமையே காரணம் என்று ஓரிடத்தில் எழுதுகிறார். இன்னோரிடத்தில் அதே பெண்கள் திறன்பேசியில் எண்களைப் பார்த்துத் தாங்களே முடிவெடுப்பார்களாம். கிளினிக் நாளை அறியாதவள் இதயத்துடிப்பின் வரைபடத்தை மட்டும் எப்படி அறிவாள்? உண்மையில் அவளுக்கு எல்லாம் தெரியும். குருநகரில் நண்டுச் சதை பிரிக்கிறவள் கிளினிக்கில் ஒரு காலைப்பொழுது காத்திருந்தால் அன்றைய கூலி போச்சு. அதனால்தான் அவள் வருவதில்லை. நெடுந்தீவுப் பெண்ணின் கையில் நள்ளிரவில் பட்டி சிவப்பாக மின்னினால் அவள் எங்கே போவாள்? குறிகட்டுவானுக்குப் பயணிகள் படகு விடிந்த பிறகுதான். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அங்கிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத் தரைவழி வேறு கிடக்கிறது. போக வழியில்லாதவளுக்கு எச்சரிக்கை மட்டும் கொடுப்பதா வைத்தியம்?

அந்தப் பட்டி திரட்டும் தரவு யாருக்குச் சொந்தம் என்பதையும் அவர் தொடவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனி வகையாகவே வகுத்திருக்கிறது. மாதவிடாய், கர்ப்பம், கருச்சிதைவு வரை போகும் விவரம் கம்பனியின் கணினியில் ஏறும்போது அந்தப் பெண்ணிடம் சம்மதம் கேட்பவர் யார், அதுவும் எந்த மொழியில்? உத்தியோகத்தரின் சம்பளம் மிச்சம் என்று கணக்குப் போடுகிறவருக்கு இந்தக் கேள்வி தோன்றாததில் வியப்பில்லை.

கருவிக்கு நான் எதிரியல்ல. சரிபார்த்த கருவி என்றால் அதை மிஸ்ஸின் பையில் வையுங்கள். வெற்றிடமாகக் கிடக்கும் பதவிகளை நிரப்புங்கள். கூலி போகாத ஞாயிறு மாலையில் கிளினிக்கைத் திறக்கச் சொல்லி உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுதுங்கள்.