இணையவழி மீட்பும் மருத்துவரும்



குடிநோயிலிருந்து மீள விழைவோருக்கு இணையவழித் தன்னுதவித் திட்டங்கள் துணைபுரிகின்றன; அமெரிக்காவில் 1994 முதல் ஸ்மார்ட் ரெக்கவரி என்னும் பெயரில் இயங்கும் திட்டம், எண்ணங்களைச் சீர்படுத்திப் பழக்கங்களை மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் வழிநின்று, குடிப்பதன் சாதக பாதகங்களையும் விடுவதன் சாதக பாதகங்களையும் நான்கு கட்டங்களில் எழுதிப் பார்க்கவும், வேட்கை எழும்போது அது தானே தணியும்வரை பொறுத்திருக்கவும் பயிற்றுவிக்கிறது.

ஆயினும், நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும், 'டெலிரியம் டிரெமன்ஸ்' எனப்படும், உயிருக்கே உலைவைக்கக்கூடிய கடும் மனக்குழப்பமும் தோன்றக்கூடும் என்பதால், முதல் சில நாள்களை மருத்துவர் கண்காணிப்பில் கழிப்பதே பாதுகாப்பானது. இத்திட்டங்களைப் பரிந்துரைக்கும் இதழ்கள் இவ்வெச்சரிக்கையையும், 14446 என்னும் இந்திய அரசின் கட்டணமில்லா உதவி எண்ணையும் சேர்த்தே வெளியிடுவது முறையாகும்.

– வாசகர், மதுரை