சாமைக்கு எதற்கு 'குளூட்டன் ஃப்ரீ' முத்திரை?

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மானாவாரியாக விளைகிற சாமை, நகரத்துக் கடைகளில் 'குளூட்டன் ஃப்ரீ' என்ற பெயரில் விற்கப்படுகிறது. கோதுமை எல்லோர் குடலையும் கெடுக்கும், சாமைக்கு மாறினால் சரியாகிவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இது தவறு மட்டுமல்ல, நோயாளிக்கு ஆபத்தும்கூட.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள புரதம். அரிசியிலோ உளுந்திலோ அது கிடையாது. காலையில் இட்லியும் மதியம் சோறும் சாப்பிடுகிறவருக்கு அந்த முத்திரை எதை மிச்சப்படுத்துகிறது? சீலியாக் நோய் உள்ளவருக்குத்தான் குளூட்டன் உண்மையான பகை. அவருடைய எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரைச் சிதைத்துவிடும். பி.எஸ். ராமகிருஷ்ணா முதலான ஆய்வாளர்கள் நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பேரை ஆராய்ந்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வடக்கே ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இந்நோய் இருந்தது. தெற்கே ஏறத்தாழ பத்தாயிரத்துக்கு ஒருவர். மரபணு வாய்ப்பில் பெரிய வித்தியாசமில்லை. வடக்கே ஒருவர் நாளுக்கு 455 கிராம் கோதுமை உண்டார், தெற்கே 25 கிராம். பரோட்டாவும் சப்பாத்தியும் கூடக்கூட நம் கணக்கும் மாறலாம். அதனால்தான் சரியான பரிசோதனை முக்கியம்.

சப்பாத்தி தின்றால் வயிறு உப்புகிறது என்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் சீலியாக் இல்லாமலே குளூட்டனைத் தவிர்த்துவந்த 59 பேரிடம் நார்வேயில் நடந்த ஆய்வு (2018), அதிகத் தொல்லை தந்தது ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட்தான் என்றது. அது வெங்காயத்திலும் பூண்டிலும் நிறைய உண்டு. சாமைச் சோற்றில் சின்ன வெங்காயச் சாம்பாரை ஊற்றிக்கொண்டு குணத்தை எதிர்பார்த்தால் எப்படி?

பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்துவதுதான் பெரிய கேடு. ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்து, குடலும் ஆறத் தொடங்கி, இருக்கிற நோய் இல்லையென்று முடிவு வரலாம். நோய் உறுதியானவருக்கோ முத்திரை மட்டும் போதாது: கோதுமை அரைத்த மில்லிலேயே சாமையை அரைத்தால் மாவு கலந்துவிடும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருப்பது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

சாமைக்கு இந்தப் பொய்ப் பெருமை தேவையில்லை. தவிடு போகாத சாமையில் நார்ச்சத்து உண்டு. குடலுக்கு நல்லது அதுதான். வெள்ளை வெளேரென்று தீட்டி அந்தத் தவிட்டை மில்லிலேயே விட்டுவிட்டு, உறையில் ஆரோக்கியம் என்று அச்சடிக்கிறார்கள். எவ்வளவு தீட்டியது, எந்த மில்லில் அரைத்தது, மலையில் விளைவித்தவருக்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை அச்சிடட்டும்.