வேலையிடத்து மன அழுத்தம்: சித்தூர், திருப்பதி தொழிலாளர்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

இரவு ஷிஃப்ட்டில் நொந்துபோன ஒரு பெண்ணுக்கு உளவியல் ஆலோசனை தேவையா, ஷிஃப்ட் மாற்றம் தேவையா என்று எங்களிடம் கேட்கிறார்கள். இரண்டுமே தேவை. எதை யார் செய்வது, யார் செலவில் செய்வது என்பதில்தான் நிர்வாகங்களோடு எங்களுக்கு முரண்பாடு. அதைப் பூசி மெழுகாமல் சொல்லவே இந்த அறிக்கை.

2022 ஏப்ரல் 4 அன்று பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்தது. எல்லை மாறினாலும் வேலை மாறவில்லை. ஸ்ரீசிட்டியிலும் ரேணிகுண்டாவிலும் மின்னணு அசெம்பிளி லைன்கள், கரகம்பாடியில் பேட்டரி ஆலை, சித்தூரைச் சுற்றி மாம்பழக் கூழ் ஆலைகள், நகரி, புத்தூர் பக்கம் விசைத்தறிகள், திருமலைப் பாதையில் பஸ் ஓட்டுபவர்கள், தரிசன வரிசையைக் கட்டுப்படுத்தும் ஊழியர்கள். ஒவ்வொரு வேலைக்கும் அதனதன் நெருக்கடி உண்டு. கூழ் ஆலையில் கிளிமூக்கு மாங்காய் வரும் சில வாரங்களுக்கு இரவு பகல் பார்க்க முடியாது. சீசன் முடிந்தால் அடுத்து என்ன என்ற கவலை. திருமலையில் பிரம்மோற்சவ ஒன்பது நாளும் வைகுண்ட ஏகாதசியும் ஊருக்குத் திருவிழா, ஊழியருக்கு மூச்சுவிட நேரமில்லாத நாட்கள். அசெம்பிளி லைனில் இலக்கு மணிக்கணக்கில் வரும். சத்யவேடு, நாகலாபுரம், சூளூர்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று பல ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவருக்கு எட்டு மணி நேர வேலை, வீடு திரும்பும்போது பத்துப் பன்னிரண்டு மணி நேரமாகியிருக்கும்.

இந்த நிலையில்தான் 2025 ஜூனில் ஆந்திர அமைச்சரவை தொழிற்சாலைகளில் தினசரி வேலை நேர உச்சவரம்பை 9 மணியிலிருந்து 10 மணியாகவும், மூன்று மாத ஓவர்டைம் உச்சவரம்பை 75 மணியிலிருந்து 144 மணியாகவும் உயர்த்த ஒப்புதல் கொடுத்தது. முதலீடு வரவேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மன அழுத்தத்துக்கு முகாம் நடத்திக்கொண்டே வேலை நேரத்தையும் நீட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை.

மன அழுத்தம் இங்கே தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. முதலுதவி அறைக்கு வருபவர் "கேஸ் ட்ரபிள், நெஞ்சு அடைக்குது" என்பார். மாத்திரை கொடுப்பார்கள். அடுத்த வாரம் மறுபடியும் அதே மாத்திரை. பிறகு வெளியில் இசிஜி எடுப்பார். எல்லாம் சரியாக இருக்கும். அவர் எந்த வாரம் இரவு ஷிஃப்ட்டில் இருந்தார், எத்தனை நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, புது சூப்பர்வைசர் எப்போது வந்தார் என்று முதலுதவி அறைப் பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்காது. முதலில் மாறவேண்டியது அந்தப் பதிவேடு. உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை, அதாவது பர்ன் அவுட்டை, நோயாக அல்லாமல் வேலை சார்ந்த நிலையாகவே வைத்திருக்கிறது. தீராத களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது அல்லது எரிச்சல், செய்யும் வேலையில் திறமை குறைந்துவிட்டதாகத் தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். வீட்டில் காரணமில்லாமல் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது, ஞாயிறு மாலையே வயிறு கலங்குவது, குடி கூடுவது போன்றவற்றை எங்கள் அனுபவத்தில் அவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உளவியல் சிகிச்சை என்றால் யாரோ அறிவுரை சொல்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் நடப்பது வேறு. ஒரு பெண் சொல்கிறார் என்று வையுங்கள்: "லைன் லீடர் கூப்பிட்டாலே கை நடுங்குது." என்ன நடந்தது, அந்த நொடியில் மனதில் ஓடியது என்ன, உடம்பு என்ன செய்தது, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஆலோசகர் பிரித்துப் பிரித்துக் கேட்பார். "வேலையை விட்டுத் தூக்கப்போறாங்க" என்ற எண்ணம் அப்போது வெளியே வரும். கடந்த மாதம் லைன் லீடர் எத்தனை முறை கூப்பிட்டார், அதில் எத்தனை முறை திட்டு விழுந்தது என்று அவரையே எழுதி வரச்சொல்வார். அந்தக் கணக்கு பயத்தைக் குறைக்கலாம். திட்டு உண்மையிலேயே தினமும் விழுகிறது என்றும் காட்டலாம். அப்படிக் காட்டினால் பிரச்சினை அவர் மனதில் இல்லை, லைனில் இருக்கிறது. நல்ல சிகிச்சை அதையும் வெளிப்படுத்தும். சில வாரங்கள் தொடர்ந்து வந்தால்தான் இதற்குப் பலன் தெரியும். ஒரு நாள் முகாமில் இது நடக்காது.

யோகாவின் மேல் எங்களுக்கு எந்த வழக்கும் இல்லை. கேன்டீனில் நூறு பேரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் மூச்சுப்பயிற்சி கொடுத்து, புகைப்படம் எடுத்து, ஆண்டறிக்கையில் மனநலம் என்று தலைப்பிடுவதைத்தான் ஏற்க மாட்டோம். அதைவிட மோசமானது, பாலியல் தொல்லை என்று புகார் சொன்ன பெண்ணை ஆலோசகரிடம் அனுப்பி வைப்பது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அந்தப் புகார் போகவேண்டிய இடம் அதுதான்.

ரகசியம் காக்கப்படாத ஆலோசனைக்கு எவரும் வரமாட்டார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. எனவே ஆலோசகர் மனிதவளத் துறைக்குப் பெயரோடு எந்த அறிக்கையும் கொடுக்கக் கூடாது. எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பிரிவில் நெருக்கடி அதிகம் என்பது மட்டும் நிர்வாகத்துக்குப் போதும். சிகிச்சை தருபவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளராகவோ அவர் மேற்பார்வையில் பயிற்சி பெற்றவராகவோ இருக்க வேண்டும்.

மொழி விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. நகரியிலும் சத்யவேட்டிலும் வீட்டில் தமிழ் பேசி, லைனில் தெலுங்கு கேட்டு, பயிற்சியில் ஆங்கிலம் பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மனதில் இருப்பதைச் சொல்ல அவர்களுக்கு எந்த மொழி வருமோ அந்த மொழியில் ஆலோசகர் இருக்க வேண்டும். திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது. சித்தூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் வேலூர். அங்கே பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. ஆனால் அங்கெல்லாம் போய்வர அரை நாள் சம்பளம் போகும் என்றால் யாரும் போகமாட்டார்கள். சிகிச்சைக்கான நேரத்தைச் சம்பளத்தோடு கொடுப்பதை நிர்வாகத்தின் கடமையாகவே நாங்கள் பார்க்கிறோம்.

தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ பற்றியும் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் இதில் வருகிறார்கள். நோய்விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் மருத்துவர் சான்று கொடுத்தால் அந்த விடுப்பைக் கேட்கலாம் என்று பெரும்பாலானவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேட் அருகே உள்ள அறிவிப்புப் பலகையில் இதைத் தமிழ், தெலுங்கு இரு மொழிகளிலும் எழுத வேண்டும்.

மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்குச் சுமார் 1,200 கோடி வேலைநாட்களை இழக்கிறது என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2022இல் கணக்கிட்டன. எங்களைக் கேட்டால், லாபக் கணக்குக் காட்டித்தான் மனிதரைக் காக்க வேண்டும் என்ற நிலையே சங்கடமானது. ஆனாலும் நிர்வாகங்களுக்குப் புரியும் மொழி அதுதான் என்றால் அந்த எண்ணையும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஷிஃப்ட் பட்டியல் போடும் மேலாளர்கள் இரவு ஷிஃப்ட் சுழற்சியைத் தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேசி முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். தூக்கம் போய், சாவு பற்றிய எண்ணம் வந்துவிட்ட தொழிலாளி எந்தக் கூட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இரவிலும் எடுப்பார்கள்; தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்; கட்டணம் கிடையாது.