கொட்டகைத் தளம்: சிமெண்டுக்கு முன்னாடி மண்ணைப் பாருங்க

ஊருப் பக்கம் நிலம் வாங்குற நகரத்து நண்பர்கள், கருவி வைக்கவும் ரிப்பேர் பார்க்கவும் ஒரு கொட்டகைன்னதும், "எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும்?" என்றுதான் கேட்கிறார்கள். 12-க்கு 10 அடி இடத்தில் 4 அங்குலக் கனத்துக்குப் போட்டால் 40 கன அடி கான்கிரீட். சிமெண்ட் மட்டும் 7 மூட்டை போகும். ஜல்லி, மணல், கூலி தனி.

முதலில் கேட்க வேண்டியது, "இது என்ன மண்ணு?"

கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மேலே போட்ட தளமும் கூடவே விரிசல் விடும். செம்மண், சரளை நிலத்தில் அந்தத் தொல்லை குறைவு.

செலவு குறைந்த வழி இருக்கு. வேர் ஓடிய மேல்மண்ணை ஓர் அடி வெட்டி எடுத்து, தென்னைக்குப் போடுங்க. பள்ளத்தைக் கிராவலால் நிரப்பி, தரைக்கு மேலும் அரை அடி ஏத்துங்க. மொத்தமாகக் கொட்டக் கூடாது; அரை அடிக்கு ஒரு தடவை தண்ணி தெளிச்சு, திமிசுக் கட்டையால் இடிக்கணும். மேலே மணல் விரிச்சு, கடப்பாக் கல் பதிச்சா போதும். வைஸ் மேசை நிற்கிற மூலைக்கு மட்டும் கான்கிரீட் போடலாம்.

உயரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சுத்தியும் வாய்க்கால் எடுத்து, தண்ணியை வெளியே விடுங்க. ஈரத் தரையில் நின்னு வெல்டிங் மிஷினைத் தொட்டா, போறது காசு மட்டும் இல்லை, உசிரு.

சிமெண்ட் மூட்டைக்கு வைத்த காசில் பாதியை மண் இடிக்கிற கூலிக்குக் கொடுங்க. தளம் நிற்கும்.