நிலைக்கு மரம் வாங்கும் முன்



சொந்தமாக வீடு கட்டுவோருக்கான உங்கள் செலவுக் கட்டுரையில் மர வேலைக்கு நான்கே வரிகள். மனம் கேட்கவில்லை, எழுதுகிறேன்.

7 அடி உயரம், 3.5 அடி அகலம், 5க்கு 3 அங்குலச் சட்டம் என்றால் ஒரு கதவு நிலைக்கு ஏறக்குறைய 2.2 கன அடி மரம் பிடிக்கும். எங்கள் வீட்டுக்காக இரண்டு கடைகளில் விலை கேட்டோம். கன அடிக்குக் குறைத்துச் சொன்ன கடையில் அறுப்புக்கூலி, வண்டி வாடகை, ஜி.எஸ்.டி. எல்லாம் தனி, கூட்டினால் அதுதான் அதிகம். போதாக்குறைக்கு மரத்தின் ஓரமெல்லாம் வைரம் பாயாத வெள்ளை, ஈரமும் காயவில்லை. அவசரத்தில் அதையே வாங்கி நிறுத்திவிட்டோம். கத்திரி வெயிலில் மரம் முறுக்கிக்கொண்டது. நிலைக்கும் சுவருக்கும் நடுவே இப்போது விரல் நுழைகிறது. சமையலறைக் கதவின் தாழ்ப்பாள் விழவே மாட்டேன் என்கிறது.

அஸ்திவாரம் தோண்டும்போதே மரம் வாங்கி நிழலில் அடுக்கிவிட வேண்டும், கடைக்கு ஆசாரியையும் அழைத்துப்போக வேண்டும் என்பதை அடுத்த இதழிலாவது விரிவாக எழுதுங்கள்.

– வாசகி, தஞ்சாவூர்