வீட்டுப் பட்டறை: ஆறு வோல்ட்டும் ஆச்சியின் வானொலியும்

திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிறுவிய சாலைக் கடைத்தெருவிலே கிடைக்காத பொருள் இல்லை என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. வாழைத்தார் முதல் வெண்கலப் பானை வரை அங்கே வாங்கலாம் என்பது உண்மையே. ஆயினும், ஏற்றவும் இறக்கவும் கூடிய நல்லதொரு மின்வழங்கி வேண்டும் என்றால், கையில் உள்ள பணத்துக்கு அது எளிதில் அகப்படுவதில்லை. ஆதலால் தொழில் பழகும் இளைஞர்கள் அதனைத் தாமே செய்துகொள்ள முற்படுகின்றனர். அது போற்றத்தக்க முயற்சிதான். ஆனால் அம்முயற்சியில் ஒரு பிழை நேர்ந்தால் யார் தலையில் விழும் என்பதைச் சென்ற மாதம் நேரிலே கண்டேன். இம்மாதப் பகுதி அதைப் பற்றியதே.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பையன் தொழிற்பயிற்சி முடித்துவிட்டு, வீட்டுத் திண்ணையிலேயே பழுது பார்க்கும் தொழிலைத் தொடங்கியிருக்கிறான். ஒருநாள் மாலை, முகம் வாடி வந்து நின்றான். "மாமா, எதிர்வீட்டு ஆச்சியின் ரேடியோவைக் கெடுத்துவிட்டேன். ஆறு வோல்ட்தான் வைத்தேன். புகை வந்துவிட்டது" என்றான். அந்த வானொலி ஆச்சியின் கணவர் தம் முதல் சம்பளத்தில் வாங்கியது. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பையன் கவலைப்பட்டதில் வியப்பில்லை.

அவன் செய்திருந்த மின்வழங்கியைக் கொண்டுவரச் சொன்னேன். அமைப்பு எல்லோரும் செய்வதே. 230 வோல்ட்டை 18 வோல்ட்டாகக் குறைக்கும் மின்மாற்றி, மாறுதிசை மின்சாரத்தை ஒருதிசையாக்க நான்கு டையோடுகள், அலையை அடக்க 4700 மைக்ரோபாரட் மின்தேக்கி, இறுதியில் எல்.எம்.317 என்னும் மூன்றுகால் சீராக்கி. இந்தச் சீராக்கியை 1976இல் அமெரிக்காவில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டாப்கின் வடிவமைத்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தும் வீட்டுப் பட்டறைகளில் அதற்குள்ள செல்வாக்குக் குறையவில்லை. மின்தேக்கியோ நம் மாநிலத்துச் சரக்கு. 1973இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய கெல்ட்ரான் நிறுவனத்தின் கண்ணூர்த் தொழிற்சாலையில் செய்தது. அதைப் பெருமையோடு காட்டினான்; அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

சீராக்கியின் இயல்பைச் சற்று அறிந்துகொண்டாலன்றிப் பிழையைக் கண்டுபிடிக்க இயலாது. அதன் மூன்று கால்களில் ஒன்று உள்வாய், ஒன்று வெளிவாய், மற்றொன்று சரிசெய்யும் கால். வெளிவாய்க்கும் சரிசெய்யும் காலுக்கும் இடையே எப்போதும் 1.25 வோல்ட் இருக்குமாறு பார்த்துக்கொள்வதே அதன் ஒரே வேலை. அவ்விரண்டுக்கும் நடுவே 220 ஓம் மின்தடையை வைத்து, சரிசெய்யும் காலிலிருந்து எதிர்முனைக்கு ஒரு மாறுதடையை வைத்தால், மாறுதடை கூடக்கூட வெளிவரும் அழுத்தமும் கூடும். மாறுதடை 836 ஓம் ஆனால் ஆறு வோல்ட். 2420 ஓம் ஆனால் பதினைந்து வோல்ட். பையன் இட்டிருந்தது 5 கிலோ ஓம் மாறுதடை. பட்டறையில் 'பாட்' என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது இதுதான்.

தடை கூடினால் அழுத்தம் கூடும் என்று சொன்னேன் அல்லவா? தடை அறுந்தே போனால் என்ன ஆகும்? அறுந்த கம்பி என்றால் மின்சாரம் நின்றுவிடும் என்று நம் மனம் எண்ணுகின்றது. இங்கே அதற்கு நேர் மாறு. சரிசெய்யும் கால் அந்தரத்தில் நிற்க, சீராக்கி தன்னால் இயன்ற மட்டும் முழு அழுத்தத்தையும் வெளியே தள்ளிவிடும்.

பையன் சீராக்கியையே குற்றவாளி என்று முடிவுகட்டி அதை மூன்று முறை மாற்றியிருந்தான். நான் முதலில் வெளிவாய்க்கும் சரிசெய்யும் காலுக்கும் இடையே அளந்தேன். 1.25 வோல்ட் சரியாக இருந்தது. ஆகவே சீராக்கி நிரபராதி. பின்னர், என்னிடம் இருந்த பழைய ஊசி மீட்டரை வெளிவாயில் கட்டி, குமிழை மிக மெல்லத் திருப்பினேன். எண் காட்டும் புதிய மீட்டர் இவ்வேலைக்கு அவ்வளவு உதவாது. நொடிப்பொழுதில் நேரும் துள்ளலை அது காட்டாமலே விட்டுவிடக்கூடும். ஊசி 4, 5 என்று ஏறி வந்தது. ஆறுக்கு அருகில் வந்ததும் திடீரென்று 24 வரை துள்ளி மீண்டும் இறங்கிற்று. இன்னொரு முறை திருப்பினேன். அதே இடம், அதே துள்ளல்.

மாறுதடை ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது. உள்ளே கரிப்பட்டை ஓரிடத்தில் தேய்ந்து போயிருந்தது. அந்த இடத்தில் நகர்முனை பட்டையைத் தொடவில்லை. கடற்காற்றும் மழைக்கால ஈரமும் உள்ள நம் ஊரில் இப்படிப்பட்ட உறுப்புகள் விரைவில் பழுதுபடுகின்றன. ஆனால் மாறுதடையை மட்டும் பழி சொல்வது முறையன்று. அதன் மூன்று கால்களில் இரண்டை மட்டும் இணைத்து, மூன்றாவதை வெறுமனே விட்டிருந்தான். நகர்முனையையும் அந்த மூன்றாவது காலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்திருந்தால், முனை எழும்பினாலும் பட்டை முழுவதுமாகிலும் சுற்றில் நின்றிருக்கும்.

அந்தக் கம்பியை இணைத்தோம். புதிய மாறுதடையும் மாற்றினோம். அதன் குறுக்கே 4.7 கிலோ ஓம் நிலைத்தடை ஒன்றை வைத்தோம். இரண்டும் சேர்ந்து 2420 ஓம் அளவில் நிற்பதால், குமிழை எவ்வளவு திருப்பினாலும் பதினைந்து வோல்ட்டுக்கு மேல் ஏறாது. பையன் முகம் தெளிந்தது. நானோ, "பதினைந்து வோல்ட் பட்டால் ஆச்சியின் ரேடியோ பிழைக்குமா?" என்று கேட்டேன். அவன் பதில் பேசவில்லை.

பிழைக்காது என்பது தெளிவு. நான்கு புது செல்களை இட்டாலும் அந்த வானொலிக்குக் கிடைப்பது 6.4 வோல்ட் அளவே. ஆகவே வேறு காவல் வேண்டும். சரிசெய்யும் காலிலிருந்து எதிர்முனைக்கு 5.6 வோல்ட் சீனர் டையோடு ஒன்றைக் கட்டினோம். கோடு போட்ட முனை சரிசெய்யும் காலின் பக்கம் இருக்க வேண்டும். மாறுதடை முழுவதும் அறுந்தே போனாலும், அந்தக் காலின் அழுத்தம் 5.6ஐத் தாண்ட முயலும்போது சீனர் அதைப் பிடித்துக்கொள்ளும். அதனோடு 1.25 சேர, வெளிவருவது ஏழுக்கு உட்பட்டே நிற்கும். சீனர் வழியே ஓடுவதும் ஆறு மில்லி ஆம்பியருக்குக் குறைவு. ஆதலால் சின்னஞ்சிறு டையோடே போதும். ஒரு சிறு சுவிட்சும் வைத்து, வானொலி பார்க்கும்போது சீனரைச் சேர்த்தும், கூடுதல் அழுத்தம் வேண்டும்போது விலக்கியும் கொள்ளுமாறு செய்தோம். பிறகு நானே வேண்டுமென்று மாறுதடையின் கம்பியைக் கழற்றிவிட்டேன். பையன் கண்ணை மூடிக்கொண்டான். ஊசி 6.8இல் நின்றது.

இதற்குச் செலவு மிகச் சொற்பம். கடையில் விற்கும் பல மின்வழங்கிகளிலும் இத்தகைய காவல் இருக்கிறதா என்று நான் திறந்து பார்த்ததில்லை, பார்க்க ஆசைதான்.

இன்னும் இரண்டொரு குறைகளும் அப்பெட்டியில் இருந்தன. சீராக்கியின் உலோக முதுகு வெளிவாயோடு உள்ளுக்குள் இணைந்தது. பையன் அதை இரும்புப் பெட்டியில் நேரே முடுக்கியதோடு, கறுப்பு முனையையும் பெட்டியிலேயே இணைத்திருந்தான். முதல்நாள் ஒன்றுமே வேலை செய்யவில்லையாம். செய்யாததில் என்ன வியப்பு? பிறகு சீராக்கியைத் தனியே தொங்கவிட்டு வேலை செய்ய வைத்திருக்கிறான். மைக்கா தகடும், திருகாணிக்கு ஒரு பிளாஸ்டிக் வளையமும் இட்டு, வெப்பம் போக்கும் அலுமினியத் தகட்டில் அதை முறைப்படி பொருத்தினோம்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து வோல்ட்டில் ஓர் ஆம்பியர் எடுத்தால் சில நிமிடங்களில் அழுத்தம் விழுந்துவிடுகிறது, ஆறினால் மீண்டும் வருகிறது, பதினைந்தில் அப்படி இல்லை என்று பையன் முறையிட்டான். குறைவாகக் கேட்டால்தான் இது அதிகம் சுடும் என்பது பலருக்கும் விளங்காத புதிர். உள்ளே வருவது ஏறத்தாழ 23 வோல்ட். வெளியே போவது 5. மீதி 18 வோல்ட்டும் ஓர் ஆம்பியரும் பெருகிப் பதினெட்டு வாட் வெப்பமாகச் சீராக்கியிலேயே தங்குகின்றது. அது தாங்காமல் தன்னைத் தானே அடக்கிக்கொள்கின்றது. நல்ல வேளையாக அவனுடைய மின்மாற்றி 9-0-9 வகை. ஒரு சுவிட்ச் வைத்து, ஆறு வோல்ட் வரைக்கும் பாதிச் சுற்றை மட்டும், அதாவது 9 வோல்ட்டை, எடுக்குமாறு மாற்றினோம். வெப்பம் ஐந்து வாட் அளவுக்கு இறங்கிவிட்டது. அதற்கு மேற்பட்ட அழுத்தங்களுக்கு முழுச் சுற்று வேண்டும். அப்போது ஏழெட்டு வோல்ட்டில் அரை ஆம்பியரோடு நிறுத்திக்கொள்வது நலம். 2 ஆம்பியர் என்று எழுதிய மின்மாற்றியிலிருந்தும் ஒருதிசை மின்சாரமாக 1.2 ஆம்பியருக்கு மேல் எதிர்பார்த்தல் கூடாது.

சுமை ஏதும் இல்லாதபோது அழுத்தம் தானே மேலேறுவதாகக் கண்டால், வெளிவாயின் குறுக்கே 1 கிலோ ஓம், அரை வாட் தடை ஒன்றை வைத்துவிடுங்கள். சில சீராக்கிகளுக்குப் பத்து மில்லி ஆம்பியராவது ஓடினால்தான் நிலை கொள்ளும்.

வீட்டில் பிள்ளைகள் இதைச் செய்ய முற்பட்டால் பெரியவர்கள் ஒன்றை மட்டும் விடாப்பிடியாகக் கேட்டு வாங்க வேண்டும். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, வானொலி பழுது பார்ப்போர் 'சீரீஸ் லாம்ப்' என்று சொல்லும் முறையில், பழைய வகை 60 வாட் இழை விளக்கு ஒன்றை வரிசையில் இணைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். எல்லாம் சரியானால் விளக்கு ஒரு கணம் மின்னி மங்கிவிடும். பெட்டிக்குள் குறுக்குத் தொடர்பு இருந்தால் முழு ஒளியோடு எரிந்து எச்சரிக்கும். மூன்று முள் செருகியும், பெட்டியோடு இணைந்த பச்சை நிலக்கம்பியும், 500 மில்லி ஆம்பியர் பியூஸும் இல்லாமல் அப்பெட்டியை மூட விடாதீர்கள்.

ஆச்சியிடம் பையனோடு நானும் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னான். ஆச்சி கோபிக்கவில்லை. "காலையிலே பாட்டுக் கேட்குமா, தம்பி? அது போதும்" என்றார்கள். ஒலி பெருக்கும் பகுதியில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் வெந்துவிட்டன. அவை ஏ.சி.128 என்னும் ஜெர்மானியம் வகை. இன்று கடைகளில் எளிதில் அகப்படுவதில்லை. சாலையில் பையன் ஏறாத கடை இல்லை. சிலிக்கன் வகையை இட்டுச் சுற்றை மாற்றலாம். ஆயினும் பழைய குரல் வருமா என்பது ஐயமே. ஆச்சிக்குத் தெரிந்தது அந்தக் குரல்தான்.

அன்பர்கள் எவர் வீட்டுப் பரணிலேனும் பேசாத பழைய டிரான்சிஸ்டர் வானொலி கிடந்தால், அதைப் பழைய சாமான்காரருக்கு எடை போட்டுவிடாமல் சங்க அலுவலகத்தில் என் பெயருக்குக் கொடுத்து உதவ வேண்டுகிறேன். பெட்டி உடைந்திருந்தாலும் பாதகமில்லை.