வார்த்தைக்கு எத்தனை பைசா?

"வீட்டில் இருந்தபடியே எழுதுங்கள். மாதம் 30,000 ரூபாய் சம்பாதியுங்கள். தினமும் 2 மணி நேரம் போதும். முன் அனுபவம் தேவையில்லை. இல்லத்தரசிகளுக்கு முன்னுரிமை!"

எங்கள் குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரமும் இது வந்து விழுந்தது. நல்ல இட்லி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்ற கேள்விக்கும் ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவில். அனுப்பியவர் நல்ல மனுஷர்தான், யாருக்காவது பயன்படட்டுமே என்று அனுப்பியிருக்கிறார். எனக்குத்தான் சுருக்கென்றது. காரணம் இருக்கு, சொல்றேன்.

2018-ல் எனக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தபோது, தங்கமணி திண்டுக்கல்லில் பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த தமிழாசிரியை வேலையை விட்டுவிட்டு என்னோடு கிளம்பி வந்தார். இங்கே தமிழ் டீச்சருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? மராத்தி தெரியாது. ஹிந்தி, காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்கு. 'பரவாயில்லைங்க, பாத்துக்கலாம்' என்று சொல்லிவிட்டார். நானும் அதை அப்படியே நம்பிவிட்டேன். (நமக்கு வசதியானதை நம்புவதில் நாம் என்றைக்குமே கெட்டிக்காரர்கள்!)

2021-ல் ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது கேட்டார்: "ஏங்க, கோர்ட்டுல இருந்து வீட்டுக்கே ஆள் வருவாங்களா?"

விஷயம் அப்புறம்தான் வெளியே வந்தது. எழுத்து வேலை, தட்டச்சு வேலை என்று ஒரு விளம்பரம். பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய். மங்கலாக ஸ்கேன் செய்த பக்கங்களைப் பார்த்து 5 நாளில் தட்டச்சு செய்து தரணும், 90 சதவீதம் பிழையில்லாமல். ஒப்பந்தத்தில் கையெழுத்து வேறு. ராத்திரி நான் தூங்கின பிறகு உட்கார்ந்து முடித்திருக்கிறார். ஆறாவது நாள், 'உங்கள் வேலை தரம் இல்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், 6,800 ரூபாய் கட்டுங்கள், இல்லாவிட்டால் வழக்கு' என்று ஒரு வக்கீல் நோட்டீஸ். பயந்துபோய்க் கட்டிவிட்டார். பத்தே நாளில் இன்னொரு நோட்டீஸ்!

என் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? "மொத்தம் எவ்வளவு போச்சு?" இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் சொன்னது இதுதான்: "மாசம் ஆயிரம் ரூபாயாவது உங்ககிட்ட கேக்காம எங்கம்மாவுக்கு அனுப்பணும்னு இருந்துச்சுங்க."

எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் கேட்டேன். சிரித்தார். ஒப்பந்தத்தை மீறுவது சிவில் விவகாரம், தட்டச்சில் பிழை விட்டதற்கு எந்தப் போலீஸும் வீட்டுக்கு வராது என்றார். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, காகிதத்தில் எவ்வளவு அபராதம் எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது. அதையும் கோர்ட்தான் முடிவு செய்யணும், மிரட்டுகிற ஆள் இல்லை. அந்த வேலையே யாரும் தேறக்கூடாது என்று தயார் செய்ததுதான். அவர்களுக்கு வருமானம் நாம் எழுதுவதிலிருந்து வருவதில்லை, நாம் பயப்படுவதிலிருந்து வருகிறது.

சரி, மோசடி இல்லாத வேலைக்கே வருவோம். ஒரு சின்னக் கணக்கு. வார்த்தைக்கு 20 பைசா என்று வைத்துக்கொள்ளுங்கள். 30,000 ரூபாய்க்கு 1,50,000 வார்த்தை. அதாவது தினமும் 5,000 வார்த்தை, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இதைப் போல தினமும் பத்துக்கு மேல் எழுதணும். இது ஒன்றை எழுதவே எனக்கு இரண்டு சாயங்காலம் ஆயிற்று :-) இதில் 2 மணி நேரம் போதுமாம்!

விளம்பர வருமானம் வருமே என்பார்கள். கூகுள் ஆட்சென்ஸ் 2003-ல் வந்தது, தமிழுக்கு வந்தது 2018-ல்தான். அதிலும் 100 டாலர் சேர்ந்தால்தான் காசு கைக்கு வரும். தினம் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து படித்தால்தான் அது சேரும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, மலிவு விலைக்கு எழுதி வாங்கினவர்கள் அதைக்கூட இயந்திரத்திடம் கேட்டுக்கொள்கிறார்கள். மிச்சம் இருப்பது, 'எழுதிச் சம்பாதிப்பது எப்படி' என்று வகுப்பு நடத்துகிறவர்கள். அவர்கள் சம்பாதிப்பது எழுதி அல்ல, வகுப்புக் கட்டணத்தில்!

எழுதிப் பிழைக்கவே முடியாது என்று சொல்ல வரவில்லை. ஒரு துறையை நன்றாகத் தெரிந்தவர்கள், நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் சம்பாதிக்கிறார்கள். அது பல வருஷ உழைப்பு. 'அனுபவம் தேவையில்லை' என்கிற இடத்தில் உழைப்புக்கு விலையும் இல்லை.

ஒரே ஒரு விதி போதும். வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்டால், அது வேலை இல்லை. ஏற்கெனவே கட்டி ஏமாந்திருந்தால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நாங்கள் வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டோம், அது தப்பு.

தங்கமணி இப்போது சனி, ஞாயிறு எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் ஏழு பேருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். தலைக்கு மாசம் 500 ரூபாய். அ, ஆ எழுதத் தெரியாமல் வந்த பையன் போன மாசம் தாத்தாவுக்கு லெட்டர் எழுதினான். மாமியாருக்கு ஆயிரம் ரூபாய் போகிறது, என்னைக் கேட்காமல்.

ரங்கமணிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த விளம்பரத்தைத் தள்ளிவிடும் முன், உங்கள் வீட்டில் அதை யார் ரகசியமாகச் சேமித்து வைத்திருக்கிறார்கள், எதற்காக என்று ஒரு தரம் கேளுங்கள். எவ்வளவு போச்சு என்று மட்டும் முதலில் கேட்காதீர்கள்.